கரையாத பொடியும் என் அண்ணியும்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் பேனா முரண்டு பிடிக்கிறது. பழக்கம் இல்லை, வேறொன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணனும் அண்ணியும் கீழே, நானும் என் தையல் மெஷினும் மேலே. இத்தனை வருஷமும் அவர் செய்வதில் நொட்டை சொல்வதை ஒரு உபதொழிலாகவே நடத்தி வந்திருக்கிறேன். நாத்தனார் என்று ஒருத்தி இருந்துகொண்டு அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? அதிலும் ஒரு விஷயத்தில் அவரை நான் அடித்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் அந்த ஒரு விஷயம்தான் என் உயிரைப் பிடித்து நிறுத்தியது. அது மட்டும் இல்லையென்றால் இந்நேரம் நான் சுவரில் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருப்பேன். அதனால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சேர்த்து, ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம், நர்ஸும் இல்லை. எக்ஸ்ரே பிரிவில் உதவியாளர். பெஞ்சில் இருப்பவர்களைக் கூப்பிடுவது, காதிலும் கழுத்திலும் இருப்பதைக் கழற்றச் சொல்வது, நாடா வைத்த அங்கியை மாட்டிவிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளைத் தண்ணீர் கலக்குவது. சும்மா எக்ஸ்ரே எடுத்தால் எலும்புதான் தெரியும், உணவுக்குழாயும் வயிறும் தெரியாது. அதற்காக ஒரு வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுப்பார்கள். பேரியம் சல்ஃபேட் என்று பேர். எக்ஸ்ரே கதிர் அதைத் தாண்டிப் போகாது. அது இறங்குகிற வழியெல்லாம் படத்தில் பளிச்சென்று விழும். எங்கே அடைப்பு, எங்கே புண் என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

குடித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள், சுவருக்கு அடிக்கிற வெள்ளையைக் குடித்தது போல் இருக்கிறது என்று. ஆனால் அண்ணி கலக்கினால் கட்டி தட்டாது. அந்த ஆஸ்பத்திரியில் அது ஒரு பேச்சு.

இன்னொரு பேச்சும் உண்டு. அண்ணிக்கு அங்கே 'வினிகர் அக்கா' என்று பட்டப்பெயர். புது டப்பா திறந்தால் போதும், அண்ணி ஒரு பெரிய வேலையை இழுத்து வைத்துக்கொள்வார். ஒரு ஸ்பூன் பொடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்குவார். அரை மணி நேரம் அப்படியே விடுவார். பொடியெல்லாம் அடியில் படிந்ததும் மேலே நிற்கிற தெளிந்த நீரை வேறொரு டம்ளரில் ஊற்றி, அதில் கொஞ்சம் பேதி உப்புக் கரைசலை விடுவார். குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கிற உப்புதான் அது, எக்ஸ்ரே அறையில் எப்போதும் ஒரு ஜாடி இருக்கும். தெளிந்த நீர் தெளிவாகவே நின்றால் பாதி பாஸ். அப்புறம் அடியில் படிந்த பொடிமேல் வினிகர். அங்கேயும் ஒன்றும் நடக்கக் கூடாது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் டப்பா மூடியில் ஒரு டிக், தேதி. அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டு யார் வாயிலும் போகும்.

ஒன்றும் நடக்காததைப் பார்ப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நான் கேட்காத நாளில்லை. சீல் வைத்த டப்பா, கம்பெனிக்காரன் பார்க்காமலா அனுப்புகிறான் என்று டாக்டரம்மாவே சொல்லிப் பார்த்தார். வெறும் வயிற்றோடு பெஞ்சில் காத்திருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷி அவர். நானோ ஒரு தடவைகூட அளக்காமல் கத்திரிக்கோலை எடுக்கிற ரகம். எங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் போட்டது யார் செய்த வேலையோ தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, அப்படி என்னதான் சோதிக்கிறீர்கள் என்று வம்புக்கு இழுத்தேன். அவர் சேர்ந்த முதல் மாதத்தில் நடந்ததைச் சொன்னார். ஸ்டோரில் ஏதோ ஒரு பழைய பாட்டில் இருந்ததாம், மேலே மண்டையோடு போட்டு, பேரியம் என்று எழுதி. இவருக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. நாம் தினமும் ஜனங்களுக்குக் கொடுப்பதும் பேரியம், இதுவும் பேரியம், இதில் எப்படி மண்டையோடு என்று டாக்டரிடம் ஓடினார். அவர் அவசரத்தில் இருந்தார். "நம்மது கரையாதும்மா, அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'அதான்' அண்ணியைத் தூங்கவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி புத்தகத்தை வாங்கி வந்து ஒரு மாசம் வைத்துக்கொண்டு படித்தாராம். அந்தப் பெண் பரீட்சைக்குப் புத்தகம் கேட்டு வந்து நின்றபோதுதான் திருப்பிக் கொடுத்தார்.

துலக்கிய டம்ளரில் தண்ணீர் பிடித்து, ஒரு கல் உப்பைப் போட்டுக் காட்டினார். அந்தக் கல்லுக்குள் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றனவாம். ஒன்று தன்னிடம் இருந்த எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு பிளஸ்ஸாக நிற்கிறது. இன்னொன்று அதை வாங்கிக்கொண்டு மைனஸாக நிற்கிறது. பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, வரிசை வரிசையாக அடுக்கி உட்கார்ந்திருப்பதுதான் உப்புக் கல். அதைச் சுத்தியலால் தட்டினால் தூளாகுமே தவிர ஜோடி பிரியாது. ஆனால் சும்மா இருக்கிற தண்ணீர் பிரித்துவிடும். தண்ணீர்த் துகள் பார்ப்பதற்குத்தான் சாது. அதன் ஒரு பக்கம் லேசாக மைனஸ், மறுபக்கம் லேசாக பிளஸ். உப்பு உள்ளே விழுந்ததும் பிளஸ்ஸைச் சுற்றித் தன் மைனஸ் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும், மைனஸைச் சுற்றித் தன் பிளஸ் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரு துகளின் இழுப்பு ஒன்றுமே இல்லை. ஆனால் நாலா பக்கமும் சூழ்ந்துகொண்டு இழுத்தால், ஓரத்தில் இருப்பது முதலில் கழன்று வரும். வந்த உடனே அதைச் சுற்றி வட்டம் கட்டிவிடும். அதற்கப்புறம் அந்த இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்க முடியாது. இதற்குத்தான் கரைவது என்று பேர்.

"புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல சொந்தக்காரங்க புகுந்த மாதிரி," என்றார் அண்ணி. "இவளைச் சுத்தி நாலு பேரு, அவரைச் சுத்தி நாலு பேரு. அப்புறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியுமா?"

நான் விடுவேனா? "அப்ப நீங்களும் அண்ணனும் மட்டும் ஏன் கரையல?"

"நாங்க பேரியம் சல்ஃபேட். ஒரு நாத்தனார் இருபது வருஷமா இழுத்துப் பாக்குது, அசைய மாட்டேங்குறோம்."

பக்கத்து அறையில் சவரம் செய்துகொண்டிருந்த அண்ணன் சிரித்த சிரிப்பில் கன்னத்தைக் கீறிக்கொண்டார். எனக்கு மூக்குடைந்துபோனது. இருந்தாலும் விஷயம் சுவாரசியமாக இருந்ததால் போகாமல் நின்றேன்.

பேரியத்துக்கும் சல்ஃபேட்டுக்கும் ஆளுக்கு இரண்டு மடங்கு பிளஸ், இரண்டு மடங்கு மைனஸ். அதனால் பிடி பலம். தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து இழுத்தாலும், கிடைக்கிற பலன் அந்தப் பிடியை விடுவிக்கப் போதாது. அப்படியானால் பேதி உப்பிலும் அதே சல்ஃபேட்தானே, அது மட்டும் எப்படிக் கரைகிறது என்று மடக்கினேன். மடக்கியதாகத்தான் நினைத்தேன். அதில் சல்ஃபேட்டோடு இருப்பது மெக்னீசியம், அது உருவத்தில் சின்னது, தண்ணீர் அதை ஒட்டி நின்று இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள முடியும், அந்தப் பலத்திலேயே ஜோடி பிரிந்துவிடும் என்றார். பேரியம் பெருத்த உடம்பு. தண்ணீரின் பிடி அதன்மேல் தளர்வாகத்தான் விழும். யாருக்கு யார்மேல் பிடி அதிகம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, கரைவதும் கரையாததும்.

கரையாதவரைக்கும் பேரியம் சாது. வெள்ளையாக உள்ளே போய் வெள்ளையாகவே வெளியே வந்துவிடும். ஜோடியைப் பிரிந்து தனியாகத் தண்ணீரில் மிதந்தால்தான் ஆபத்து. ரத்தத்துக்குள் போய்விடும். அங்கே இருக்கிற பொட்டாசியத்தைக் கொண்டுபோய்த் தசைகளுக்குள் அடைத்துவிடும். கை கால் விழும், கடைசியில் இதயமும் நின்றுவிடும். இதில் இன்னொரு கள்ளப்பொடி இருக்கிறதாம், பேரியம் கார்பனேட். அதே வெள்ளை, அதே கனம், தண்ணீரிலும் அவ்வளவாகக் கரையாது. பார்த்தால் யாரும் ஏமாந்துபோவார்கள். ஆனால் வயிற்றில் அமிலம் இருக்கிறதே, அது கார்பனேட்டை உடைத்து வாயுவாக்கி விரட்டிவிடும். அப்புறம் பேரியம் தனி ஆள். வினிகர் ஊற்றுவது அதற்குத்தான். வயிற்றுக்குள் நடக்கப்போவதை டம்ளரிலேயே நடத்திப் பார்த்துவிடுவது. தெளிந்த நீரில் தப்பித்தவறி பேரியம் தனியாக மிதந்தால், பேதி உப்பில் இருக்கிற சல்ஃபேட் அதைக் கண்ட இடத்தில் பிடித்துக்கொண்டு வெள்ளையாகக் கீழே விழும்.

இவ்வளவு தெரிந்த ஆள் டாக்டராகியிருக்கலாமே, எங்கள் வீட்டுப் பாத்திரங்களாவது தப்பித்திருக்கும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்வேனா!

இரண்டு வருஷம் போனது. எனக்கு நெஞ்சில் எரிச்சல் வர ஆரம்பித்தது. சாப்பிட்டது நடு நெஞ்சில் நின்றுகொண்டு இறங்குவேனா என்றது. ஒரு மாசம் சோடா குடித்துச் சமாளித்தேன். கடைசியில் அண்ணி என்னை இழுத்துக்கொண்டுபோய் டாக்டரம்மா முன்னால் நிறுத்தினார். பேரியம் குடித்துப் படம் எடுத்துவிடலாம் என்றார் அவர்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தேன். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லை. பத்து மணிக்குத் தைத்த துணியை வாங்க வீட்டுக்கு ஒரு பெண் வருவாள், அவள் வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீள பெஞ்சில் எட்டுப் பேர். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் தொட்டியும் அலமாரியும், அதுதான் அண்ணியின் ராஜ்ஜியம். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் மெஷின். அன்றைக்கென்று பழைய டப்பா தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோரிலிருந்து வந்த புதுசைத் திறந்து, அண்ணி வழக்கம்போல் ஒரு ஸ்பூன் எடுத்துக் கலக்கி டம்ளரை ஓரமாக வைத்தார். எக்ஸ்ரேக்காரருக்கு வரிசை நகர வேண்டுமே என்ற கவலை. அவரும் வழக்கம்போல் எனக்கான கோப்பையைக் கலக்கி, மேலே தட்டுப் போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டார். டிக் விழுந்ததும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அரை மணி நேரம் உட்காரு என்றார் அண்ணி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டு ஆளுக்குமா இந்தச் சட்டம் என்றேன். வீட்டு ஆளுக்கும்தான் என்றார். பசியில் இருப்பவளிடம் நியாயம் பேசக் கூடாது. நான் பெஞ்சைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எங்கள் அண்ணி காலையில் பால் பாக்கெட்டையே விசாரணை பண்ணித்தான் அடுப்பில் ஏற்றுவார், நாமெல்லாம் எம்மாத்திரம் என்றேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். எக்ஸ்ரேக்காரர்கூடச் சிரித்தார். அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த ஆளான ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவரப் போனார். அந்த முகம் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அப்போது குத்தவில்லை. அப்போது என் கண் அலமாரிமேல் இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை டப்பா, ஒன்றாவது தப்பாக வந்ததா? நான் குடித்துவிட்டால் அண்ணி சும்மா இருந்தாக வேண்டுமே என்று நினைத்தேன். எக்ஸ்ரேக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் போனதும் எழுந்து போய்த் தட்டை எடுத்துவிட்டு ஒரு வாய் குடித்தேன். தூ, அதெல்லாம் மனுஷர் குடிக்கிறதா! பாதி, எனக்கு மாட்டிவிட்டிருந்த அங்கியிலேயே சிந்திவிட்டது. மீதி உள்ளே இறங்கிவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கோபம். நேராக டம்ளரிடம் போனார். தெளிந்த நீரை வேறொன்றில் ஊற்றினார், உப்புக் கரைசலை விட்டார், ஒரு கறுப்பு பிலிமுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். வழக்கமாக ஒரு நொடி பார்ப்பார். அன்றைக்குப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் லேசாகப் புகை மாதிரி ஏதோ. அண்ணி வினிகர் பாட்டிலை எடுத்து அடிப்பொடிமேல் சாய்த்தார். சர்ரென்று நுரைத்தது. கீழேயிருந்து குமிழ் குமிழாக மேலே ஏறி வந்தது.

அவர் திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை. "யாரும் இதைக் குடிக்கலியே?" என்றார் பெஞ்சைப் பார்த்து. அப்புறம் என் அங்கியைப் பார்த்தார். மார்பெல்லாம் வெள்ளை.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பேதி உப்பு ஜாடியை அப்படியே ஒரு பெரிய டம்ளரில் கவிழ்த்து, தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் நாலு சுற்றுச் சுற்றினார். உப்பு இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. "குடி."

"அண்ணி, இது..."

"கேக்காத. குடி. அது ரத்தத்துக்குப் போறதுக்குள்ள இது போய்ப் பிடிக்கணும்."

அவ்வளவு கசப்பை நான் ஜென்மத்தில் குடித்ததில்லை. குடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வர, வயிற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துபோனது. என் அமிலம் ஒவ்வொரு துகளாகக் கழற்றிவிட்டுக்கொண்டிருக்கிறது. கழன்றதையெல்லாம் இந்த உப்பின் சல்ஃபேட் ஓடிப் பிடித்துக் கரையாததாக ஆக்க வேண்டும். யார் முந்துவார்கள் என்பதுதான் என் ஆயுசு. எனக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தாறு வயதுக்காரி, அண்ணியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா ஓடி வந்தார். அண்ணி டம்ளரைக் காட்டினார். நுரைத்து அடங்கித் தெளிந்திருந்த வினிகரில் இன்னும் கொஞ்சம் உப்புக் கரைசலை விட, தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டு விழுந்தது. அதற்கப்புறம் டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றை அதே உப்புத் தண்ணீரால் கழுவினார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. கால் பஞ்சாகத் துவண்டது. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி டிரிப்பில் ஏற்றினார்கள்.

அண்ணி வார்டுக்கு வந்தபோது கக்கத்தில் அந்த டப்பா இருந்தது. யார் கேட்டும் கொடுக்கவில்லை. பெஞ்சில் இருந்த மற்ற எட்டுப் பேரும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தார். என் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, விரலை ஆட்டு என்பார். நான் கால் விரலை ஆட்டிக் காட்ட வேண்டும். மத்தியானம் முழுக்க இதே வேலை.

"செத்துருவேனா அண்ணி?" என்று கேட்டேன்.

"பிடிச்சுட்டோம்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன். விரலை ஆட்டு."

ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் வராது அந்த வாயில். மூன்று மணி வாக்கில் விரல்கள் சரியாக அசையவில்லை. அண்ணி என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். டாக்டரம்மா டிரிப்பை மாற்றினார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் அசைந்தது. ஆறரைக்கு, ஆட்டு என்று அவர் சொன்னபோது நான் அவர் கையை உதைத்தே விட்டேன். அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஸ்டோர்க்காரர் வந்து சேர்ந்தார், பேயறைந்த மாதிரி. கம்பெனி டப்பாக்கள் வரத் தாமதமாயிருக்கிறது. ஓடு தயாரிக்கிற தொழிற்சாலைகளுக்குச் சரக்கு போடுகிற வியாபாரியிடம் மூட்டையாக வாங்கியிருக்கிறார். மூட்டைமேல் பேரியம் என்று பெரிதாக இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த கார்பனேட்டை அவர் பொருட்படுத்தவில்லை. எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தாராம். மூட்டையைப் பார்த்தால் எக்ஸ்ரே பிரிவில் மூஞ்சியைத் தூக்குவார்களே என்று, பழைய காலி டப்பாக்களை மூடியில் இருந்த டிக் போகும்படி நன்றாகக் கழுவிக் காயவைத்து, அவற்றில் அழகாக நிரப்பி, வாயை ஒட்டி அனுப்பிவிட்டார். லேபிள் எல்லாம் சரியாகவே இருந்தது. பொருள்தான் வேறு. சொல்லிவிட்டு அந்த மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க எனக்கு வாயில் வார்த்தை ரெடியாக இருந்தது. அண்ணி கையமர்த்திவிட்டு, எத்தனை டப்பா நிரப்பினீர்கள் என்று மட்டும் கேட்டார். ஆறு என்றார். ஆறையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய், பார்த்து எண்ணிப் பூட்டிவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

வந்ததும் கேட்டேன், இதற்கு முன்னால் எத்தனை தடவை இப்படி நுரைத்திருக்கிறது என்று.

"ஒரு தடவைகூட இல்ல."

பத்தொன்பது வருஷம். மாசம் இரண்டு டப்பா. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். ஒருநாளும் ஒன்றும் நடக்கவில்லை, ஒருநாளும் விட்டதுமில்லை, நடுவில் என்னை மாதிரி எத்தனை பேருடைய சிரிப்பு! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெஞ்சில் எல்லோரையும் உங்களைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டேனே அண்ணி என்று வெட்கமில்லாமல் குமுறி அழுதேன்.

"அழாத," என்றார். "இப்பத்தான் உப்பு ஏத்திருக்கோம், அதை வேற வீணாக்காத."

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்செரிச்சல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. படம் எடுக்காமல் வைத்தியம் இல்லை என்றார் டாக்டரம்மா. (அப்புறம் எடுத்த படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடாத கொழுப்பு என்று அண்ணி மொழிபெயர்த்தார்.) இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே பெஞ்சு. கம்பெனியிலிருந்து சீல் உடையாத டப்பா வந்திருந்தது. அண்ணி செய்கிற சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா கையெழுத்தோடு சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. தெளிந்த நீர் தெளிவாகவே நின்றது. வினிகர் சும்மா கிடந்தது. அண்ணி டிக் போட்டார். எக்ஸ்ரேக்காரர் கலக்கி என் கையில் கோப்பையைக் கொடுத்தார்.

கை மேலே எழவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். இது சல்ஃபேட், இது பிரியாது, என் கண் முன்னாலேயே சோதித்தாயிற்று. மூளைக்குத் தெரிந்தது தொண்டைக்குத் தெரியவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, என்னால முடியல," என்றேன்.

அவருக்கு என்னைக் கேலி செய்ய அன்றைக்கு எல்லா உரிமையும் இருந்தது. எட்டுப் பேரைச் சிரிக்க வைத்திருக்கலாம். அவர் ஒரு டம்ளரை எடுத்து, என் கோப்பையிலிருந்து பாதியை அதில் ஊற்றி, நின்றபடியே மடக்மடக்கென்று குடித்தார். மேலுதட்டில் வெள்ளைக் கோடு. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "மீதி உன்னுது" என்றார்.

குடித்துவிட்டேன். அளவு பாதியாகிவிட்டதே, படம் விழாதே என்று எக்ஸ்ரேக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு அரைக் கோப்பை கலக்கினார். அண்ணி அதற்கும் முதலில் கையை நீட்டினார். அவர் வாங்குவதற்குள் நான் வாங்கிக் குடித்து முடித்தேன்.